ஆள் விழாத படங்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நமது இல்லத்துக் குளியலறைத் தாழ்ப்பாள் இன்று காலை, அப்பா உள்ளே இருக்கும்போதே, தன் கடமையிலிருந்து கழன்றுகொண்டது. அன்னாரின் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி அம்மா அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறாள். உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். அப்பாவுக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும், அதிலும் பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு நாங்கள் வாசலில் காத்திருக்கிறோம்.

இங்கே நான் நலம். அம்மா நலம். அப்பா, வெளிச்சம் நன்றாக இருக்கும் நாட்களில் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கடல் இல்லாத ஊரில் காற்று வாங்க எங்கே போகிறார்கள்? கடைக்கா?

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, பையனுக்குக் காய்ச்சலா என்று நினைக்காதே. தலைமையாசிரியர் குரலில் “நாளை பள்ளி விடுமுறை” என்று பேசி வகுப்புக் குழுவில் அனுப்பினேன். குரல் அச்சு அசலாக இருந்ததில் மாணவர்களோடு இரண்டு ஆசிரியர்களும் வரவில்லை. கலைக்குக் கிடைத்த பரிசு, என் போனுக்கு அம்மாவின் அலமாரியில் பரீட்சை முடியும்வரை சிறைவாசம். அம்மாவின் போனில் பேசலாம்தான். பக்கத்தில் நின்று “சாப்டாளானு கேளு, தூங்கினாளானு கேளு” என்று எடுத்துக் கொடுப்பாள். ரகசியம் பேச முடியுமா?

ரகசியம் இதுதான். அப்பா படம் எடுக்கப் போகும்போது உதவிக்கு, உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், கட்டடக்கலை படிக்கிறாள். அவள் உள்ளே வந்து நின்றால் கூரையில் ஒட்டடை தானாக வந்துவிடும், அவ்வளவு உயரம். ஆகவே ஒட்டடைக்குச்சி என்று நாமகரணம் செய்திருக்கிறேன். நேற்று அப்பா அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“இங்க பாரும்மா, லென்ஸ் மேல இந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிட்டா வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள வரும். நாலஞ்சு நிமிஷம் திறந்து வெச்சிருக்கணும், பக்கத்துல நின்னு ஒருத்தர் நொடியை எண்ணணும். அலையெல்லாம் பால் மாதிரி பரவிடும். நடந்து போறவங்க யாரும் விழ மாட்டாங்க, காணாமப் போயிடுவாங்க. எது அசையாம நிக்குதோ அதுதான் படத்துல நிக்கும்.”

“அதனாலதான் உங்க படத்துல கடலும் கட்டடமும் மட்டும் இருக்கா சார்?”

“ஆமாம்மா. ஆள் இருந்தா கண்ணு ஆள்கிட்டயே போயிடும். சுவரை யாரு பாக்கறது?”

எனக்குத் தெரியாத பாடமா? “நானும் வரேன்ப்பா, எனக்கும் எண்ணத் தெரியும்” என்றேன். அப்பா என் காலைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. “நீ தூங்கும்போதே கால் ஆட்டறவன்டா. உன்னைப் பக்கத்துல வெச்சா கேமராவுக்கே குளிர் ஜுரம் வந்துடும்” என்றார். ஒட்டடைக்குச்சி சிரித்தாள். அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

நீ அசையாமல் நிற்பாய் என்று உன்னை நாலாங்கால் என்று கூப்பிட்டார், கேமரா முக்காலிக்கு நாலாவது காலாம். உனக்கு ஒரு கால் பதவியாவது கிடைத்தது. எனக்கு ஒரு விரல் பதவி? அப்பா கண்ணில் பட வேண்டுமென்றால் நான் காரை பெயர்ந்த கட்டடமாகப் பிறந்திருக்க வேண்டும். நவம்பரில் அப்பாவின் படக் கண்காட்சி. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

உன் காதோரம் பாடும்,
கொசு

ஜூன் 15

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். சாப்பிட்டேன், தூங்கினேன், அம்மாவிடம் சொல். தாழ்ப்பாளுக்கு என் அனுதாபங்கள். தச்சரைக் கூப்பிடாமல் கயிறு கட்டியவர்களுக்கும்.

வேலை பரவாயில்லை. கட்டட வரைபட அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பெரிய கட்டடத்தை எங்கள் மேலாளர் வரைவார், அதற்குள் மாடிப்படியை நான் வரைவேன். இதுவரை எத்தனை படிகள் வரைந்தேனோ, ஒன்றிலும் ஏறவில்லை.

அப்பாவுக்கு உதவிக்கு ஆள் கிடைத்தது நல்லதுதான். நான் வந்துவிட்டேன், அவர் தனியாக அத்தனை பையையும் தூக்க முடியாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நீ ஏன் அதை ரகசியம் என்று எழுதினாய் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் எந்தப் பக்கம் நின்று எண்ணுகிறாள்? சும்மாதான் கேட்கிறேன். அப்பாவுக்கு இடது காது மந்தம், அவர் யாரிடமும் சொல்வதில்லை. வலப்பக்கம் நின்று எண்ணினால்தான் கேட்கும். இதை நீ அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

படிப்பைக் கவனி. காலை ஆட்டாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 24

வருத்தமே இல்லாத அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். உன் கடிதம் வந்த அன்று அம்மா அதை மூன்று முறை படித்துவிட்டு, “மாடிப்படி ஏறலைன்னு எழுதியிருக்காளே, முட்டி வலியா இருக்குமோ?” என்று கேட்டாள். பதில் எழுதிவிடு.

இடப்பக்கம்! ஒட்டடைக்குச்சி இடப்பக்கம்தான் நிற்கிறாள்! அவள் “முடிஞ்சுது சார்” என்கிறாள், அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவள் மறுபடி கத்துகிறாள். அவர் திடுக்கிட்டு மூடியை மாட்டுகிறார். எத்தனை படம் வெளுத்துப் போனதோ. நான் வாயைத் திறப்பேனா? நீ சொன்னால் வேதம்.

ஆனால் அக்கா, சில விஷயங்களை நீ தாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. உன் ஸ்டாப்வாட்ச் இப்போது அவள் கழுத்தில் தொங்குகிறது. அப்பாவே எடுத்து மாட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு டீ போடத் தெரியும் என்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை நம் குடும்பச் சொத்து போலிருக்கிறது. சமமாகப் பிரித்திருக்கிறார்கள்.

அவள் படம் எடுப்பதைவிடப் படம் காட்டுவதுதான் அதிகம். “சார், இந்த ஜன்னல் வரிசைல ஒரு தாளம் இருக்கு சார்” என்கிறாள். ஜன்னலில் தாழ்ப்பாள்தான் இருக்கும், தாளம் எங்கிருந்து வந்தது? அப்பா அதற்கும் தலையாட்டுகிறார்.

ஆகவே நீதி கேட்டு, கேமராவுக்கு வெயில் படாமல் பிடிக்கும் பெரிய குடைக்குள் அரை டப்பா முகப் பவுடரைக் கொட்டி மடித்து வைத்தேன். அவள் விரிப்பாள் என்று கணக்கு. அன்றைக்கென்று பார்த்து அப்பா விரித்தார். தான் எடுத்த கடல் மாதிரியே வெள்ளை வெளேரென்று வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஒட்டடைக்குச்சி வந்து, “தம்பி, வாசனை நல்லா இருந்துது” என்றாள்.

தம்பியாம். யாருக்கு யார் தம்பி? எனக்கு இருக்கிற ஒரு அக்காவையே தபாலில்தான் வைத்திருக்கிறேன்.

மணக்க மணக்க,
கொசு

ஜூலை 6

அன்புள்ள கொசுவுக்கு,

நலம். என் முட்டியும் நலம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

பவுடர் தூள் லென்ஸுக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? இனி அந்தப் பைகளின் பக்கம் போகாதே. எனக்காகப் பழிக்குப் பழி வாங்கச் சொல்லி உன்னிடம் யாரும் கேட்கவில்லை. ஸ்டாப்வாட்ச் அப்பாவுடையது, யார் மாட்டினாலும் ஒன்றுதான். அதன் பொத்தான் சிக்கும், இரண்டு முறை அழுத்த வேண்டும். அதைச் சொல்ல நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. உன் இஷ்டம்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா ஐஸ் கிடங்கைப் படம் எடுத்துவிட்டாரா?

மீன்பிடித் துறைமுகம் தாண்டி, அலைதடுப்புச் சுவருக்கு முன்னால் ஒற்றையாக நிற்குமே, அந்தப் பழைய கிடங்கு. எதிரே உள்ள இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாக, விடிந்த கொஞ்ச நேரத்தில், ஒரு கோடு வெளிச்சம் அந்தச் சுவரில் விழும். வருஷத்தில் மே மாதம் சில நாள், ஜூலை மாதம் சில நாள். அவ்வளவுதான். போன வருஷம் மழை. அதற்கு முந்தின வருஷம் யாரோ சுவரை மறைத்து லாரி நிறுத்தியிருந்தார்கள். அதை நானும் அப்பாவும் சேர்ந்துதான் எடுப்பது என்று பேசிவைத்திருந்தோம். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு வரலாம் என்றிருக்கிறேன். விடுப்பு கேட்டிருக்கிறேன். உறுதியானதும் அம்மாவுக்குச் சொல்கிறேன்.

கிடங்கு பற்றி மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூலை 21

அன்பும் பண்பும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பியும் அப்பாவின் தலைமை உதவியாளருமான கொசு எழுதுவது,

நலம், நலம், எல்லாம் நலம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்.

ஐஸ் கிடங்கு எடுத்தாயிற்று. எடுத்தது அப்பா. கூட நின்றது நான்!

நடந்தது இப்படி. அப்பா என்னிடம், “மேல போய், நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வா” என்றார். போனேன். சொன்னேன். ஐந்து என்பதற்குப் பதில் ஏழு என்று வாய் தவறிவிட்டது. வாய்தானே, எலும்பா இருக்கிறது? மறுநாள் காலை அப்பா வாசலில் நின்று வாட்ச்சைப் பார்க்கிறார், மாடியைப் பார்க்கிறார். நான் குளித்து, தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் இருக்கேன்ப்பா” என்றேன். வேறு வழியில்லை அவருக்கு.

அக்கா, என்ன இடம் அது! கடல் அப்போதுதான் கண் விழித்திருந்தது. அப்பா முக்காலியை நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். நான் வலப்பக்கம் நின்றேன், யார் சொல்லிக் கொடுத்த பாடம்! சந்து வழியாக வெளிச்சம் வந்தது. சுவரில் ஒரு கோடு, கத்தி வைத்தாற்போல. நான் எண்ணினேன். அசையவில்லை. மூச்சுகூடத் தவணை முறையில்தான் விட்டேன். ஈ ஒன்று வந்து மூக்கில் உட்கார்ந்து, கட்டடம் என்று நினைத்துப் போய்விட்டது.

அப்பா மூடியை மாட்டினார். என் தோளில் தட்டினார். “உங்க அக்காவைவிட நீ தேவலடா” என்றார்.

நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். இத்தனை வருஷம் நீ மட்டும் நின்றுகொண்டிருந்த அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் போர்வைக்குள் படுத்தபடி, நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போது நின்று பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கண்காட்சிக்கு வந்து என் படத்தைப் பார்.

வெற்றிக்களிப்பில்,
கொசு

ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நலமா? தபால்காரரை நான் தினமும் பார்க்கிறேன், அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “இல்ல தம்பி” என்று தெருமுனையிலேயே கையை ஆட்டிவிடுகிறார். உன் ஊரில் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? அல்லது படி வரைந்து வரைந்து வழுக்கி விழுந்துவிட்டாயா?

இங்கே அனைவரும் சுகம். புதுத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அப்பா பழக்கதோஷத்தில் இன்னும் பாடுகிறார்.

சரி, செய்தி. நான் உதவியாளர் வேலையை ஒட்டடைக்குச்சிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். பெரிய மனசு. எனக்குக் கேமராவுக்குப் பின்னால் நிற்பதில் இனி விருப்பமில்லை, முன்னால் நிற்கப் போகிறேன். நிற்கப் போகிறேன் என்ன, நின்றுவிட்டேன்!

போன சனிக்கிழமை அப்பா அலைதடுப்புச் சுவரை எடுக்கப் போனார். நீளமான சுவர், பின்னால் அடுக்குமாடிகள், இந்தப் பக்கம் கடல். கண்காட்சியின் பெரிய படம் அதுதானாம், ஒரு சுவர் முழுக்க மாட்டப் போகிறார்களாம். எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அசையாமல் நிற்பதுதானே படத்தில் விழும்? நான் முன்கூட்டியே போய், சுவரின் அந்தக் கோடியில், படத்தின் இடது மூலை எதுவோ அங்கே ஏறி நின்றுகொண்டேன். அப்பா தலை துணிக்குள். நான் அவருக்கு எறும்பு அளவுதான் தெரிவேன். ஒட்டடைக்குச்சி பார்த்தாள் என்று நினைக்கிறேன், பார்த்தும் சொல்லவில்லை. என்ன உள்நோக்கமோ.

நின்றேன் அக்கா. சிலை மாதிரி நின்றேன். காக்கைகூட ஏமாந்து தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. ஆளே இல்லாத அப்பாவின் படங்களில் முதல் ஆள், ஒரே ஆள், உன் தம்பி. நீ அத்தனை வருஷம் கூடப் போனாயே, ஒரு படத்திலாவது இருக்கிறாயா?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

வருங்காலச் சுவர்ச் சித்திரம்,
கொசு

செப்டம்பர் 9

கொசுவுக்கு,

நலம். அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

கண்காட்சிக்கு வர முடியாது. விடுப்பு கிடைக்கவில்லை. நீ இருக்கிறாயே, போதும்.

அந்தப் பெண்ணிடம் வலது காது விஷயத்தைச் சொல்லிவிடு. பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்பதையும்.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்தது. கடிதமா, தந்தியா? “அன்புள்ள” எங்கே போயிற்று? தபாலில் எங்காவது விழுந்திருந்தால் தேடித் தரச் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அம்மா துணி மடித்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுவது மாதிரி, “உங்க அக்கா டிக்கெட் எடுத்துட்டேன்னு சந்தோஷமாச் சொன்னா. ஜூலை கடைசில போன் பண்ணி, வேணாம்மா, ரத்து பண்ணிட்டேன்னா. ஏன்டி, லீவு கிடைக்கலையான்னேன். அதெல்லாம் கிடைச்சுது, எனக்குத்தான் அங்க வேலை ஒண்ணும் இல்லைன்னா. பொறந்த வீட்டுக்கு வர வேலை வேணுமாடா?” என்றாள்.

நான் போர்வை மடித்துக் கொடுத்தேன். நானாகப் போய் ஒரு துணியை மடித்ததில் அம்மா பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை கடைசி என்றால், என் கடிதம் வந்து சேர்ந்த நேரம். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கு எப்போதும் தப்பு என்று கணக்கு வாத்தியாரே சொல்வார், இதுவும் தப்பாக இருக்கும்.

நீ வரவில்லை என்று தெரிந்ததும் அப்பா, “ஓ, வேலை இருக்கும்” என்றார். பிறகு போய் லென்ஸைத் துடைத்தார். துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

கண்காட்சிக்கு என் வகுப்பு மொத்தத்தையும் அழைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரும் வருகிறார். டமாரம், என் நண்பன், கத்திக் கத்திப் பேசுவானே, அவன் பக்கத்து வகுப்புக்கும் சொல்லிவிட்டான். எல்லோரும் என்னைச் சுவரில் பார்க்க வருகிறார்கள். அப்பா பிரதியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராக அச்சிடும் இடத்திலிருந்து அரங்குக்குப் போகிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை. எப்படி விழுந்திருப்பேனோ, முன்தலை சரியாக வாரியிருந்தேனா என்று நினைவில்லை.

வாயேன் அக்கா.

கொசு

அக்டோபர் 16

அன்புள்ள கொசுவுக்கு,

“அன்புள்ள” கிடைத்துவிட்டது, பார். நலமாக இருக்கிறேன்.

உன் கணக்கு எப்போதும்போல் தப்புதான். அதைப் பற்றி யோசிக்காதே.

இங்கே என் மேசை ஜன்னலோரம். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும், அதற்கு மேல் ஒரு துண்டு வானம். காலையில் அந்தத் தொட்டியின் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழும். முதல் நாள் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிடத் திரும்பினேன். பக்கத்து மேசைக்காரர் “என்னம்மா?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். கேமராவைக் கொண்டுவந்தேன், பெட்டியில்தான் இருக்கிறது. தூசி படிந்துவிடும் என்று எடுக்கவில்லை.

கிடங்கை நான் இல்லாமல் எடுத்தது சரிதான். வெளிச்சம் யாருக்காகவும் காத்திருக்காது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். படம் எப்படி வந்திருக்கிறது? அந்தக் கோடு கதவுக்கு மேலே விழுந்ததா, கதவிலேயே விழுந்ததா? கதவில் விழுந்தால்தான் அழகு என்று நான் சொல்வேன், மேலே என்று அவர் சொல்வார். யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள ஆசை. வேறொன்றும் இல்லை.

நீ கேட்டாய், ஒரு படத்திலாவது இருக்கிறேனா என்று. இல்லை. பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்து பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒன்றிலும் இல்லை. அங்கே நிற்பவள் படத்தில் விழுந்தால் வேலை தெரியாதவள் என்று அர்த்தம். ஒரு நாளும் எனக்கு அதில் குறை தோன்றியதில்லை, உன் கடிதம் வரும்வரை.

சுவரில் நிற்கப் போகிறவனுக்கு வாழ்த்துகள். கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் எழுது. சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்த பிறகும்.

நேற்று மாலை திறப்பு விழா. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வகுப்பு மொத்தமும் வாசலில் கூடியது, கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடியோடு வந்தார். நான் முன்னால் நடந்தேன். “அவசரப்படாதீங்க, எல்லாருக்கும் தெரியும், இடது மூலை, இடது மூலை” என்று கூட்டத்தை விலக்கினேன். பெரிய படம். அந்தச் சுவர், பின்னால் அடுக்குமாடிகள், கடல் பால் மாதிரி. அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பிறகு டமாரம் கத்தினான். “டேய், நீ எங்கடா?”

“நல்லாப் பாரு. மூலைல.”

“மூலைல செருப்புதான்டா இருக்கு!”

இருந்தது, அக்கா. சுவரின் மேல் ஒரு ஜோடி செருப்பு. என் செருப்பு. வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்த செருப்பு, ஊக்கு வரை துல்லியமாக. செருப்புக்கு மேலே நான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வானம்.

“அது வந்து... கால்லேர்ந்து மேல மேல வருவேன்டா, கொஞ்சம் பொறு” என்றேன். கணக்கு வாத்தியாரே சிரித்துவிட்டார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுவர் பாசி பிடித்து வழுக்கியது. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றேன். சிலை மாதிரி நின்றது உண்மை, கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு நாய் வந்தது. என்னைச் சிலை என்று அது நம்பவில்லை. நான் ஓடின ஓட்டத்துக்குத் துறைமுகத்து ஆட்கள் கைதட்டினார்கள். ஓடியவன் படத்தில் விழவில்லை. செருப்பு மட்டும் முழு நேரமும் ஒழுங்காக நின்றிருக்கிறது. என்னைவிட அதற்கு நிதானம் அதிகம்.

இதற்குள் ஜிப்பா போட்ட ஒருவர் படத்தின் முன் வந்து நின்றார். பத்திரிகையில் எழுதுகிறவராம். கண்ணை மூடித் திறந்து, “எவ்வளவு பெரிய இன்மை! கடலுக்குள் போனவர் திரும்பவில்லை, செருப்பு காத்திருக்கிறது. இது யாருடைய துயரம் சார்?” என்று அப்பாவைக் கேட்டார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தார்.

அப்பா சொன்னார்: “துயரம்லாம் இல்லைங்க. நாய் துரத்தினவன் செருப்பு. என் பையன்.”

அரங்கமே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் அக்கா, “என் பையன்” என்று சொல்லும்போது அவர் என் தோளில் கை போட்டு முன்னால் இழுத்தார். நிஜமாகவே. அத்தனை பேர் முன்னால்.

கூட்டம் குறைந்ததும் கேட்டேன். “உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தலைதான்டா துணிக்குள்ள இருந்துது. நீ கத்தின கத்து இந்தக் காதுக்கே கேட்டுச்சு.”

“அப்ப ஏன் அழிக்கல? முன்னாடி படத்துல விழுந்த ஒரு காகிதக் கப்பை அழிக்க ரெண்டு நாள் உக்காந்தீங்களே.”

“இதையும் அழிக்கத்தான் உக்காந்தேன்.” அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ஊக்கைப் பார்த்தேன். கை வரல.”

“அப்போ புதுச் செருப்பு வாங்கித் தருவீங்களா?” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒட்டடைக்குச்சி பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு நான் ஏறி நின்றதைப் பார்த்தாளாம். “நிக்கணும்னு ஆசையா இருந்தே தம்பி, அதான் சொல்லல” என்றாள். பிறகு, “உங்க அக்கா ஏன் வரல? எண்ணும்போதெல்லாம் சார் அவங்களைப் பத்திதான் பேசறாரு. எனக்கே கொஞ்சம் பொறாமையா இருக்கு” என்றாள். வலது காது, பொத்தான், இரண்டையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். செப்டம்பரில் நீ சொல்லச் சொன்னாய், நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

இனி உள்ளதுதான் கஷ்டம்.

நீ அரங்கில் இருந்திருந்தால் முதலில் ஐஸ் கிடங்கைத்தான் தேடியிருப்பாய். அது அங்கே இல்லை. அப்பா அதை எடுக்கவே இல்லை.

அன்று காலை நான் அசையாமல் நின்றதாக எழுதினேன் அல்லவா? ஒரு காக்கை பிஸ்கட் பையைக் கொத்தியது. “போ” என்று காலை உதறினேன். கால் முக்காலியில் பட்டது. முக்காலி ஆடியது, படம் போயிற்று. மறுபடி ஆரம்பிப்பதற்குள் வெளிச்சம் சுவரைவிட்டு இறங்கிவிட்டது. அப்பா திட்டவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் திட்டினதைவிட மோசம். மெதுவாக முக்காலியை மடித்தார்.

தோளில் தட்டவில்லை, அக்கா. “உங்க அக்காவைவிட நீ தேவலடா” என்று அவர் சொல்லவே இல்லை. அது நான் சொன்னது. பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், கேட்க நன்றாக இருந்தது, வீட்டுக்கு வந்து உனக்கு எழுதிவிட்டேன். அவர் உண்மையில் சொன்னது வேறு. கிடங்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இது நாலாங்கால் படம்டா. மே மாசம் இதே வெளிச்சம் மறுபடி வரும். அவளும் வரட்டும்” என்றார். அந்த வாக்கியத்தை நான் ஜூலையிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறேன். உனக்குச் சேர வேண்டியது, திருப்பித் தருகிறேன்.

கோடு கதவில் விழுகிறதா, மேலே விழுகிறதா என்று கேட்டாய். தெரியாது. நான் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி மாதக் கடைசிவரை இருக்கிறது. நான் உனக்கு எழுதிய பொய்யைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீ சொல்வதானால் சொல். இதைப் படித்ததும் என்னை அறைய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தபாலில் அறை அனுப்ப முடியாது, விசாரித்துவிட்டேன். நேரில்தான் வர வேண்டும்.

கன்னத்தைத் தயாராக வைத்திருக்கும்,
கொசு